செல்ஃப் எடுக்காத வண்டி

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பை எடுத்துரைக்க வல்லார் பலர் இம்மேடையில் அமர்ந்துள்ளனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பழைய பிக்கப் வண்டி. சில நாள் சாவியைத் திருகிய மாத்திரத்தில் அது கிளம்பும். சில நாள் பத்து முறை திருகினும் கிளம்பாது. பட்டறைக்குக் கொண்டு சென்றால் அங்கே நல்ல பிள்ளையாய் ஓடும். மறுநாள் விடியற்காலையில் மீண்டும் படுத்துக்கொள்ளும். இத்தகைய பழுதின் காரணத்தைக் கண்டறியும் முறை யாது என்பதே இன்றைய பேச்சு.

கல்விச் சங்கத்துக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் என்ன உறவு என்று சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். வளவனூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நம் மாலை வகுப்பில் படித்து வெளியேறிய பிள்ளைகளில் பலர் இன்று சரக்கு வண்டி ஓட்டிக் குடும்பம் காக்கின்றனர். சிலர் சொந்த வண்டிக்காரர். அவர்களுக்குப் பயன்படாத கல்வி நமக்கு எதற்கு? நாம் கலைப் பட்டம் பெற்றவர். பௌதிகம் நம் பாடமன்று. எனினும் இங்கே சொல்லப்போவனவற்றுக்கு வேண்டிய அடிப்படை பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே உள்ளது. அதற்கு மேல் வேண்டுவது பொறுமை ஒன்றே.

சாலையும் வண்டியும்

சாலை நமக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றை எவரும் அணுகலாம் என்பது அதன் கருத்து. நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்த மக்கள் நாம். அந்தச் சாலையில் இன்று நம் பிள்ளை தன் பெயரில் பதிவு செய்த வண்டியை ஓட்டுகிறான் என்றால், அது சிறு செய்தியன்று.

1974-இல் தொடங்கப்பெற்ற தாட்கோ நிறுவனத்தின் மானியக் கடனால் வண்டி வாங்கியோர் உண்டு. வங்கிக் கடனிலும் தனியார் தவணையிலும் பழைய வண்டி வாங்கியோர் அவரினும் மிகுதி. 2005-இல் வந்த டாடா ஏஸ் என்னும் சிறு வண்டிக்கு மக்கள் குட்டி யானை என்று பெயரிட்டனர். அதுவும் அதனினும் சற்றுப் பெரிய பிக்கப் வண்டிகளும் மாட்டு வண்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். தவணையோ மாதந்தோறும் வந்து நிற்கும். வண்டி ஒரு காலை கிளம்பாவிடின் ஒரு நாள் வாடகை போகும். இரண்டு மூன்று காலை கிளம்பாவிடின் வாடிக்கையே போகும்.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பிறர் வண்டி நின்றால், வண்டி பழுது என்பர். நம் பிள்ளையின் வண்டி நின்றால், இவனுக்கு வண்டி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்பர். பொருளில் உள்ள குறையை ஆளின் மேல் ஏற்றிச் சொல்வது இந்நாட்டில் பழைய வழக்கம். அதற்குச் சரியான விடை கோபமன்று. குறை எங்கே உள்ளது என்று காட்டுவதே விடை. ஆதலால்தான் காரணம் காணும் முறை நமக்கு ஏனையோரைக் காட்டிலும் மிகுதியாக வேண்டும் என்கிறோம்.

விட்டு விட்டு வரும் பழுதின் தன்மை

எப்போதும் உள்ள பழுதைக் காண்பது எளிது. விட்டு விட்டு வரும் பழுதே நம்மை ஏமாற்றும். பழுது மறைந்திருக்கும் நேரத்தில் எந்தக் கருவி கொண்டு சோதித்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். அப்போது ஏதேனும் ஓர் உறுப்பை மாற்றினால், மாற்றியதால்தான் வண்டி கிளம்புகிறது என்று தோன்றும். உண்மையில் அது மாற்றாமலே கிளம்பியிருக்கும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுவே. நான்கு நாள் கழித்துப் பழுது மீளும்போது, புதிதாகப் போட்ட உறுப்பும் கெட்டுவிட்டது என்று எண்ணி அடுத்த செலவில் இறங்குகிறோம்.

ஆகவே மூன்று விதிகளை முதலிலேயே வகுத்துக்கொள்வோம். பழுது இருக்கும்போதே சோதிக்க வேண்டும். அது விலகிய பின் சோதித்துப் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது பயன் தந்தது என்று ஒருநாளும் தெரியாது. பழுது வரும் ஒவ்வொரு முறையும் குறிப்பெழுத வேண்டும். நாள், நேரம், இஞ்சின் சூடா குளிரா, மழையா வெயிலா, பாரம் உண்டா இல்லையா, என்ன ஒலி கேட்டது, விளக்கு மங்கியதா, பிறகு எதனால் கிளம்பியது ஆகியவற்றை ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். பத்துக் குறிப்புச் சேர்ந்தால் பாதிக் காரணம் தானே வெளிப்படும்.

வண்டி கிளம்புவது எவ்வாறு?

முற்காலத்தில் கார்களைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பினர். கைப்பிடி எதிர்த்து உதைத்து மணிக்கட்டு முறிந்தவர் பலர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சாரத்தால் இஞ்சினைச் சுழற்றும் மோட்டாரை அமைத்தார். 1912-ஆம் ஆண்டு மாதிரிக் காடிலாக் காரில் அது இடம்பெற்றது. ஆள் சுழற்றாமல் தானே சுழல்வதால் அதற்குச் செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று பெயர் வந்தது. நம் பட்டறைகளில் செல்ஃப் என்பது அதன் சுருக்கமே.

மாணவர்கள் இரண்டு பெயர்களை நினைவிற் கொள்க. மின்சாரத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி இடைவிடாது சுழலச் செய்து 1821-இல் காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. அவர் கொல்லர் ஒருவரின் மகன். நூல் கட்டும் கடையில் வேலை பழகியவர். 1827-இல் தம் நூலில் மின்தடையின் விதியை வெளியிட்ட ஜார்ஜ் ஓம் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளி ஆசிரியர். மோட்டார் அறிவியலின் அடித்தளத்தில் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் இருப்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இனி வண்டிக்கு வருவோம். சாவியைத் திருகினால் மெல்லிய ஒயர் ஒன்றின் வழியே சிறிதளவு மின்சாரம் சோலினாய்டுக்குச் செல்லும். சோலினாய்டு என்பது மின்காந்தம். அது இரண்டு வேலை செய்யும். செல்ஃபின் சிறு பற்சக்கரத்தை முன்னே தள்ளி இஞ்சினின் பெரிய பல்வளையத்தோடு பொருத்தும். பொருந்தியதும் தடித்த கேபிளின் வழியைத் திறந்துவிடும். அப்போது பேட்டரியிலிருந்து 200 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாய்ந்து மோட்டாரைச் சுழற்றும். பாய்ந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேண்டுமே? அது இஞ்சின் உடலின் வழியாக எர்த் பட்டைக்கு வந்து, அங்கிருந்து சட்டகத்தின் வழியாகப் பேட்டரியின் எதிர்முனையை அடையும். போகும் வழியைப் பலரும் பார்க்கின்றனர். திரும்பும் வழியைப் பார்ப்பவர் சிலரே.

முதலில் காதால் அறிக

கருவி எடுக்குமுன் செவியைப் பயன்படுத்துக. வண்டி கிளம்பாத நேரத்தில் எழும் ஒலி ஐந்து வகை.

ஒலியே இல்லாமை முதல் வகை. முகப்பு விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கும் எரியவில்லையாயின் பேட்டரி முனைகள் தளர்ந்திருக்கும் அல்லது பேட்டரி முற்றும் வடிந்திருக்கும். விளக்கு நன்றாக எரிந்தால் குறை சாவிப் பூட்டு, ஃபியூஸ், ரிலே, மெல்லிய ஒயர், சோலினாய்டு ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. ஒருவர் சாவியைத் திருகிப் பிடிக்க, மற்றொருவர் சோலினாய்டில் மெல்லிய ஒயர் சேரும் இடத்தில் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்க்கட்டும். லாம்பு எரிந்தால் ஆணை வந்து சேர்கிறது. குறை அதற்கு அப்பால். எரியாவிடின் குறை அதற்கு இப்பால். ஒரே சோதனையில் பாதி வழி கழிந்துவிடும்.

டக டக டக என்று விரைந்து துடிக்கும் ஒலி இரண்டாம் வகை. சோலினாய்டு பிடிக்கிறது; மோட்டார் இழுத்தவுடன் மின்னழுத்தம் சரிந்து பிடி விடுகிறது; மீண்டும் பிடிக்கிறது. பெரும்பாலும் பேட்டரி வடிந்திருத்தலோ அதன் முனைகளில் வெண்பூஞ்சு படிந்திருத்தலோ காரணம்.

டக் என்று ஒரே ஒலி கேட்டு அடங்குவது மூன்றாம் வகை. சோலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது. தடித்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. அல்லது மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துள்ளது. செல்ஃபை மெல்லத் தட்டினால் கிளம்பும் என்று ஓட்டுநர் சொல்வதுண்டு. தட்டுதல் மருந்தன்று, தேய்ந்த பிரஷ் இடம் பெயர்ந்து தொடுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். தட்டித் தட்டியே ஆறு மாதம் ஓட்டுவோர், ஏழாம் மாதம் வழியில் நிற்பர்.

மோட்டார் மட்டும் கிர்ரென்று சுழன்று இஞ்சின் அசையாமை நான்காம் வகை. பெண்டிக்ஸ் எனப்படும் பற்சக்கரப் பகுதி பொருந்தவில்லை, அல்லது வழுக்குகிறது.

இஞ்சின் நன்றாகச் சுழன்றும் தீப்பிடியாமை ஐந்தாம் வகை. இதில் மின்வழியைக் குற்றஞ்சாட்டுதல் வீண். டீசலின் வழியைப் பார்க்க வேண்டும்.

இந்த ஐந்தையும் பிரித்தறியாமல், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரே சொல்லால் பட்டறையில் சொன்னால், அங்கே தொடங்குவது ஊகமே. காய்ச்சல் என்று மட்டும் சொன்ன நோயாளிக்கு மருத்துவர் என் செய்வார்?

பிறகு அளவால் அறிக

இன்று மல்டிமீட்டர் எளிய விலைக்குக் கிடைக்கிறது. வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரி முனைகளில் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுவது நிறைந்த பேட்டரி. 12.4 என்பது ஏறக்குறைய முக்கால், 12.2 என்பது பாதி. 12-க்குக் கீழ் என்பது வடிந்த பேட்டரி. செல்ஃப் சுழலும்போது 9.6-க்குக் கீழ் இறங்கலாகாது. இஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும்; இல்லையேல் ஆல்டர்நேட்டர் மின்னூட்டம் செய்யவில்லை என்று பொருள். அந்நிலையில் புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் சில நாளில் வடியும்.

இப்போது ஓம் விதியைப் பயன்படுத்துவோம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம். ஒரு துருப்பிடித்த இணைப்பின் தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர் பாயும்போது 200 × 0.01 = 2 வோல்ட் அந்த இணைப்பிலேயே வீணாகும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் பகுதி காட்டாது. நூறு இழையில் ஓர் இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் தொடர்பு உண்டு என்றே மீட்டர் கூவும்; டெஸ்ட் லாம்பும் ஒளியோடு எரியும். அந்த ஓர் இழையால் ஒரு விளக்கைத் தாங்க முடியும். செல்ஃபைத் தாங்க முடியாது. எனவே பாரம் ஏற்றிய நிலையில், அதாவது ஒருவர் சாவியைத் திருகிப் பிடித்திருக்கும் அந்த நொடிகளில், அழுத்த இழப்பை அளக்க வேண்டும்.

அளவுகள் இரண்டே. பேட்டரியின் நேர்முனைக்கும் செல்ஃபின் தடித்த முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் இருத்தலாகாது. பேட்டரியின் எதிர்முனைக்கும் செல்ஃபின் உடலுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் இருத்தலாகாது. எந்தப் பக்கத்தில் மிகுதியோ, குறை அந்தப் பக்கத்தில். பிறகு அவ்வழியை இணைப்பு இணைப்பாகப் பிரித்து அளந்தால் இடம் அகப்படும்.

நம்மூரில் கண்ட ஒரு வழக்கு

நம் மாலை வகுப்பில் பயின்ற இளைஞர் ஒருவர் பழைய பிக்கப் ஒன்றைத் தவணையில் வாங்கினார். புதுச்சேரி மீன்பிடித் துறைமுகத்தில் பின்னிரவில் மீன் ஏற்றி, விடியுமுன் விழுப்புரம் சந்தையில் சேர்ப்பது அவர் தொழில். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எஞ்சிய நாளில் ஈட்டியதுதான் தவணைக்கு. வாங்கிய நான்காம் மாதம் வண்டி இடையிடையே செல்ஃப் எடுக்காமல் நின்றது. பனிக்கட்டி உருகும், மீன் காத்திராது. இரண்டு முறை சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்ட வியாபாரி, மூன்றாம் முறை நேர்ந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

முதலில் புதுப் பேட்டரி போட்டார். ஆறு நாள் வண்டி நன்றாக ஓடியது. ஏழாம் நாள் நின்றது. அடுத்துச் செல்ஃபைக் கழற்றிப் பிரஷும் புஷ்ஷும் மாற்றினர். இரண்டு வாரம் ஓடியது. பிறகு மீண்டும் நின்றது. வீட்டார் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினர். அதனால் மனத்துக்கு ஆறுதல் கிடைத்திருக்கலாம். சந்தையிலோ வேறு பேச்சு எழுந்தது. இவர்களுக்கு எதற்கு வண்டி என்ற பேச்சு. அந்த இளைஞர் வண்டியை விற்றுவிடலாம் என்ற முடிவோடுதான் சங்கத்துக்கு வந்தார்.

பட்டறைக்காரரை நாம் குறை சொல்லமாட்டோம். வண்டி அவரிடம் சென்றதெல்லாம் நண்பகலில். அப்போது அது ஒழுங்காகக் கிளம்பியது. இல்லாத நோயை அவர் எங்ஙனம் காண்பார்?

விற்குமுன் மூன்று வாரம் குறிப்பெழுதுக என்று நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தோம். அதில் சேர்ந்த குறிப்புகள் ஒரு கதையைச் சொல்லின. ஒவ்வொரு முறையும் ஒரே டக் ஒலி. விளக்கு சிறிதே மங்கியது, அணையவில்லை. மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் வேறுபாடில்லை. கியரில் போட்டு வண்டியைச் சற்று முன்னும் பின்னும் அசைத்த பிறகு, பாதிக்கு மேற்பட்ட முறை கிளம்பியது. ஆக்ஸிலேட்டர் கம்பி ஒருமுறை தொடமுடியாதபடி சுட்டது என்றும் ஒரு குறிப்பு. அவரே அதற்குப் பொருள் தெரியாமல் எழுதியது அது.

நம் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஆய்வுக்கூட மீட்டரோடு வந்தார். பழுது வரும்வரை இரண்டு நாள் காத்திருந்து, வந்த அந்த நேரத்திலேயே அளந்தார். சாவியைத் திருகிப் பிடித்த நிலையில் பேட்டரி முனைகளில் 11.4 வோல்ட். நேர்ப்பக்க இழப்பு 0.2. செல்ஃபின் உடலுக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே 5.8! பாதி அழுத்தம் திரும்பும் வழியிலேயே தொலைந்துவிட்டது. மோட்டாருக்குக் கிடைத்தது 5.4 வோல்ட் மட்டுமே. சட்டகத்துக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே அளந்தபோது 0.1. ஆகவே குறை இஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் இடையே. அங்கே இருப்பது ஒரே பொருள், எர்த் பட்டை.

கழற்றிப் பார்த்தால், பட்டையின் முனையில் பச்சைக் களிம்பு. மீன் பெட்டிகளிலிருந்து ஒழுகிய உப்புநீர் உள்ளே ஊறிப் பெரும்பாலான இழைகளைத் தின்றுவிட்டது. மேலே எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்ததால் வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரிந்தது. இஞ்சின் ரப்பர் தாங்கியில் அசையும் பொருள். அணையும்போது அது எந்த நிலையில் நிற்கிறதோ, அதற்கேற்ப எஞ்சிய இழைகள் தொட்டன அல்லது விலகின. வண்டியை அசைத்தால் கிளம்பியதன் மருமம் இது. நேர்வழி அடைபட்டதால் மின்சாரத்தில் ஒரு பங்கு ஆக்ஸிலேட்டர் கம்பி வழியே திரும்ப முயன்றது. கம்பி சுட்டதன் மருமம் அது.

மாணவர்கள் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. பட்டையை மாற்றி, சேருமிடங்களை உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசிய பிறகு செல்ஃபைச் சுழற்றினால் பேட்டரி முனைகளில் 10.4 வோல்ட். பழுதின்போது 11.4, பழுது நீங்கிய பின் 10.4. அழுத்தம் குறைந்துவிட்டதே என்று அஞ்சவேண்டா. வழி அடைபட்டபோது பேட்டரி முழு வேலை செய்ய இடமில்லை. வழி திறந்ததும் முழு மின்னோட்டத்தையும் தந்தது. பழுதின்போது பேட்டரி தளரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? புதுப் பேட்டரி வாங்குமுன் இந்த ஓர் எண்ணை அளந்திருந்தால் ஒரு மாதத் தவணை மிஞ்சியிருக்கும். அந்த வண்டி இன்றும் சந்தைக்குச் செல்கிறது.

விடியலில் மட்டும் வரும் பழுது

இஞ்சின் நன்கு சுழன்றும் கிளம்பாமை காலையில் மட்டும் நேருமாயின், டீசல் வழியில் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவு முழுதும் வண்டி நிற்கும்போது, தேய்ந்த வாஷர் அல்லது வெடித்த குழாய் வழியே காற்று நுழைய, டீசல் தொட்டிக்குத் திரும்பிவிடும். டீசல் வெளியே ஒழுகாமலும் இது நேரும். கைப்பம்பை அடித்தவுடன் கிளம்பினால் ஐயம் உறுதிப்படும். வழியில் ஒளி ஊடுருவும் சிறு குழாயைப் பொருத்திக் குமிழி வருகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பழைய வகைச் சிறு டீசல் இஞ்சின் பலவற்றில் ஹீட்டர் பிளக் உண்டு. அதற்கு மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லாம்பால் அறியலாம். மார்கழிப் பனியில் தொல்லை தந்து பங்குனி வெயிலில் தராத வண்டிக்கு இதை முதலில் பார்க்க. மாறாக, ஓடிச் சூடேறிய பிறகு மட்டும் செல்ஃப் எடுக்க மறுத்தால் மின்வழியை ஐயுறுக. செம்பின் மின்தடை வெப்பம் ஒரு டிகிரி ஏறுந்தோறும் நூற்றில் 0.4 அளவு கூடும். 60 டிகிரி ஏறினால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கூடிவிடும். குளிர்ந்தபோது தட்டுத்தடுமாறி வேலை செய்த சோலினாய்டு, சூட்டில் கைவிடுவது இதனால்தான்.

எச்சரிக்கை சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சோதிக்குமுன் வண்டியை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். செல்ஃபின் முனைகளை ஸ்குரூடிரைவரால் இணைத்துக் கிளப்பும் பழக்கம் ஆளைக் கொல்லும். கியரில் இருக்கும் வண்டி முன்னே நிற்பவர் மேல் ஏறும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு எழும். அருகே பீடியும் நெருப்பும் ஆகா. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளுக.

சங்கம் செய்யத்தக்கது

1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர், தென்னார்க்காட்டில் நம் பிள்ளைகள் கையில் ஏட்டைக் கொடுத்தார். அண்ணல் அம்பேத்கர் 1942-இல் அன்றைய அரசிடம் அளித்த கோரிக்கை மடலில், அறிவியல் தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகையும் ரயில்வே பட்டறைகளில் தொழிற்பயிற்சியும் நம் மக்களுக்கு வேண்டும் என்று கேட்டார். ஏடும் வேண்டும், பட்டறையும் வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். கைத்தொழிலை நம்மிடம் விட்டு ஏட்டைத் தம்மிடம் வைத்துக்கொண்ட சமூகத்தில், இரண்டும் ஒருவரிடமே சேர்வதுதான் விடுதலை.

ஆதலால் வெள்ளிவிழா நினைவாகச் சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள். மல்டிமீட்டர் இரண்டு, டெஸ்ட் லாம்பு இரண்டு, கம்பித் தூரிகை, நல்ல ஸ்பேனர் வரிசை ஒன்று ஆகியவற்றை வாங்கி, நூல் இரவல் கொடுப்பதைப் போல் கையொப்பம் பெற்று இரவல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, பத்தாம் வகுப்பு மாணவரும் ஓட்டுநரும் ஒரே வண்டியைச் சுற்றி நின்று ஓம் விதியைக் கற்க வேண்டும். ஓட்டுநருக்குச் செலவு குறையும். மாணவருக்கு விதி மறவாது.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். நம் வகுப்புகளிலும் சில நாள் விடை சொல்லி, சில நாள் வாய் திறவாமல் நிற்கும் பிள்ளை உண்டு. இவனுக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு கட்டுதல் எளிது. எந்த நாளில் நிற்கிறான், எந்த வேளையில் நிற்கிறான் என்று மூன்று வாரம் குறித்துப் பாருங்கள். காலையில் உண்ணாமல் வந்திருப்பான். கரும்பலகை கண்ணுக்குத் தெரியாதிருக்கும். முந்தின இரவு தந்தையோடு சரக்கேற்றப் போயிருப்பான். காரணம் தெரிந்தால் செய்யத்தக்கது தெரியும். காரணம் தெரியாதவரை, அவன் மேல் பழி சுமத்த நமக்கு உரிமையில்லை.

எதற்கும் காரணம் உண்டு. அதை முயன்றால் காணலாம். கண்டதை எவர் முன்னும் அளந்து காட்டலாம். இந்தத் துணிவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டு உழைத்துள்ளது. மேலும் பல்லாண்டு உழைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.